குறிப்பானும் வரையறையும்: மாரடைப்பின் குருதிச் சோதனைகள் குறித்த ஒரு வரலாற்றுப் பார்வை

மாரடைப்பைக் காட்டும் குருதிக் குறிப்பான்களின் வரலாறு பெரும்பாலும் ஏணிப்படிகளாகவே எழுதப்பெறுகிறது: ஒரு பொருள் கண்டறியப்பட்டது, அதனினும் நுட்பமான மற்றொன்று அதனை அகற்றியது. இப்பார்வை தவறன்று, ஆயினும் போதாது. குறிப்பான் மாறியபோது நோயின் எல்லையும் நகர்ந்தது என்பதை அது காட்டுவதில்லை.

1954இல் நியூயார்க்கில் ஜான் லாடூ, ஃபெலிக்ஸ் ரொப்லெவ்ஸ்கி, ஆர்தர் கார்மென் ஆகியோர் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட சிறு கட்டுரையைத் தொடக்கமாகக் கொள்ளலாம். இதயத் தசை இறக்கும்போது அதிலுள்ள டிரான்ஸ்அமினேஸ் என்னும் நொதி குருதியில் கசிகிறது. அதனை நிறமாலை ஒளியளவியால் அளக்கலாம் என அவர்கள் காட்டினர். (இவ்வாய்வு நிகழ்ந்தது ஒரு புற்றுநோய் ஆய்வு மையத்தில் என்பது கருதத்தக்கது.) அதுவரை மருத்துவருக்குத் துணையாயிருந்தவை நெஞ்சுவலி, மின்னலை வரைவு, வெள்ளணு மிகுதி போன்ற பொதுக்குறிகள் ஆகியனவே. எனினும் அந்நொதி கல்லீரலிலும் எலும்புத் தசையிலும் உண்டு. பின்வந்த லாக்டேட் டிஹைட்ரோஜினேஸும் கிரியேட்டின் கைனேஸும் இக்குறையினின்று முற்றும் நீங்கவில்லை. 1970களில் பரவிய சி.கே.-எம்.பி. அதனைக் குறைத்ததேயன்றிப் போக்கவில்லை.

தீர்வுக்கான விதை இதயநோய் ஆய்வில் ஊன்றப்பட்டதன்று. தசைச் சுருக்கத்தில் கால்சியத்தின் பங்கை ஆராய்ந்த ஜப்பானியர் செட்சுரோ எபாஷி 1960களில் ட்ரோபோனின் என்னும் புரதத்தைக் கண்டறிந்தார். தசைச்சிதைவு நோயில் கிரியேட்டின் கைனேஸ் குருதியில் மிகுவதை 1959இல் அறிவித்த குழுவிலும் அவரே இருந்தார். இதயத் தசையின் ட்ரோபோனின் I, T ஆகியவை எலும்புத் தசையிலுள்ளவற்றினின்று அமினோ அமில வரிசையில் வேறுபடுவதால், எதிர்ப்பொருள் கொண்டு அவற்றைப் பிரித்தறியலாம். 1987இல் கம்மின்ஸ் குழுவினர் ட்ரோபோனின் Iக்கும், 1989இல் காட்டஸ் குழுவினர் ட்ரோபோனின் Tக்கும் சோதனைகளை வெளியிட்டனர்.

வரலாற்றின் திருப்பம் இதன் பின்னரே நிகழ்ந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 1979ஆம் ஆண்டு அளவுகோலில் அறிகுறி, மின்னலை வரைவு, நொதி என்னும் மூன்றனுள் இரண்டு போதும். நொதி ஒரு சான்று மட்டுமே. 2000இல் ஐரோப்பிய, அமெரிக்க இதயவியல் அமைப்புகள் இணைந்து வெளியிட்ட மறுவரையறை குறிப்பானை நடுவில் வைத்தது. நலமுள்ளோரின் 99ஆம் சதமானத்தைக் கடந்த ட்ரோபோனினுடன் குருதியோட்டக் குறைவின் சான்றும் சேர்ந்தால் அது மாரடைப்பு. முன்னர் 'நிலையற்ற நெஞ்சுவலி' எனப் பதியப்பட்டோருள் ஒரு பகுதியினர் இதனால் மாரடைப்பு நோயாளிகளாயினர். நோயில் எம்மாற்றமும் இன்றியே நோயாளர் தொகை கூடவும், சிறு பாதிப்புடையோர் சேர்வதால் இறப்பு விகிதம் குறைந்ததாகத் தோன்றவும் இது வழிசெய்தது. எனவே 1990ஆம் ஆண்டின் மருத்துவமனைப் பதிவேட்டை 2005ஆம் ஆண்டினதோடு ஒப்பிடும் ஆய்வாளர், எண்களுக்குமுன் எச்சோதனை வழங்கிற்று என்பதையே கேட்டறிதல் வேண்டும்.

சோதனைகள் மேலும் நுண்மை பெற்றபோது சிறுநீரகச் செயலிழப்பு, குருதி நச்சேற்றம் ஆகியவற்றிலும் ட்ரோபோனின் உயர்வது தெளிவாயிற்று. 2018இல் வெளிவந்த நான்காம் பொது வரையறை 'இதயத்தசைச் சேதம்' என்பதனை மாரடைப்பினின்று வேறாகப் பிரித்து வைத்தது.