ஹவொட்: ஒரு வீட்டுப்பெயரின் வேர்

வேல்ஸின் மலைச்சரிவுகளில் ‘ஹவொட்’ என்ற பெயருடைய பழைய பண்ணை வீடுகள் பல உண்டு. அவற்றுக்குக் கீழே பள்ளத்தாக்கில் இருக்கும் வீடுகள் பலவற்றின் பெயர் ‘ஹெண்ட்ரெ’. இரண்டும் ஒரே வாழ்க்கைமுறையிலிருந்து பிறந்த இணைச்சொற்கள். வேல்ஸிலிருந்து வந்த ஒரு குடும்பம் தன் முன்னோரைத் தேடும்போது, குடும்பப்பெயர் கைவிடும் இடத்திலும் இத்தகைய வீட்டுப்பெயர் வழிகாட்டும்.

வேல்ஸ் மக்களின் வெல்ஷ் மொழியில் ‘ஹாவ்’ என்றால் கோடை. ‘போட்’ என்றால் இருப்பிடம். இரண்டும் சேர்ந்த ‘ஹவொட்’ கோடைக்கால இருப்பிடத்தைக் குறிக்கும். வெல்ஷ் மொழியில் கூட்டுச்சொல்லின் இரண்டாம் பகுதியில் முதல் மெய் மென்மையாகத் திரிவது இயல்பு. அதன்படி பகரம் வகரமாகி, முன்னிருந்த வகரத்தோடு கலந்துவிட்டது. ‘போட்’ என்ற சொல்லுக்கு ‘இருத்தல்’ என்றும் பொருள் உண்டு. தமிழில் ‘இரு’ என்ற வினையிலிருந்து ‘இருப்பிடம்’ பிறந்ததை இதனுடன் ஒப்பிடலாம். சமஸ்கிருத ‘பவனம்’ இதே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்த சொல்.

‘ஹெண்ட்ரெ’ என்பதில் ‘ஹென்’ பழமையையும், ‘ட்ரெவ்’ குடியிருப்பையும் குறிக்கும். ஈற்று வகரம் பேச்சில் தேய்ந்து மறைந்தது. பழைய சகரம் வெல்ஷில் ஹகரமாவது உண்டு. ஆகவே ‘ஹென்’ என்பதற்கு லத்தீன் ‘செனெக்ஸ்’, சமஸ்கிருத ‘சன’ ஆகியவை உறவுச்சொற்கள். ‘ட்ரெவ்’ இன்று நகரத்தைக் குறித்தாலும், முன்பு பண்ணைக் குடியிருப்பையே குறித்தது. ‘ஹெண்ட்ரெ’ என்பது குடும்பத்தின் மூல வீடு.

குளிர்காலத்தில் குடும்பமும் கால்நடைகளும் ஹெண்ட்ரெயில் தங்கும். மே முதல் நாளையொட்டி மாடுகளை மலைமேல் ஓட்டிச் சென்று ஹவொட்டில் குடியேறுவார்கள். நவம்பர் முதல் நாளையொட்டிக் கீழே இறங்குவார்கள். மாடுகள் மேலே மேயும் மாதங்களில்தான் கீழ்நிலத்தில் பயிர் விளையும், குளிர்காலத் தீவனத்துக்கான வைக்கோற்புல்லும் வளரும். இடைக்கால வெல்ஷ் சட்டநூல்கள் குளிர்கால வீட்டையும் கோடை வீட்டையும் தனித்தனியே குறிப்பிடுகின்றன.

18ஆம் நூற்றாண்டில் ஸ்னோடோனியா மலைப்பகுதியில் பயணம் செய்த தாமஸ் பென்னன்ட் இவ்வீடுகளை நேரில் கண்டு எழுதினார். நீண்ட தாழ்வான ஓர் அறை, புகை வெளியேற ஒரு துளை, கல்லால் ஆன இருக்கைகள், சுவரோரம் வரிசையாக வைக்கோல் படுக்கைகள்: ஹவொட் என்பது அவ்வளவுதான். பெண்கள் பால் கறந்து வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்தார்கள். ‘பென்னன்ட்’ என்பதும் இடப்பெயரே. பள்ளத்தாக்கின் தலைப்பகுதி என்று பொருள்படும்.

மாடுகளின் இடத்தைச் செம்மறியாடுகள் பிடித்தபோது இவ்வழக்கம் தேய்ந்தது. பல ஹவொட்டுகள் ஆண்டு முழுவதும் மக்கள் வாழும் தனிப் பண்ணைகளாயின. சொல்லின் பொருளும் விரிந்தது. கெரெடிகியன் பகுதியில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த ஒரு பெரும் மாளிகைக்கும் ஹவொட் என்றே பெயர் நிலைத்தது. அம்மாளிகை 1958இல் இடிக்கப்பட்டது.

முன்னோரைத் தேட வீட்டுப்பெயர் ஏன் தேவை என்பதற்கு வெல்ஷ் பெயர்முறையே விடை. பழங்காலத்தில் அங்கு நிலையான குடும்பப்பெயர் இல்லை. ‘மகன்’ என்று பொருள்படும் ‘ஆப்’ என்பதையோ அதன் மெலிந்த வடிவத்தையோ இட்டுத் தந்தை பெயரைச் சேர்த்தார்கள். ஆப் ஹவெல் என்பது பவல் ஆயிற்று. ஆப் ரீஸ் என்பது பிரைஸ் ஆயிற்று. 1536இலும் 1543இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்த பின், நிலையான குடும்பப்பெயர் மேல்தட்டிலிருந்து மெல்லப் பரவியது. தந்தை பெயர்களே குடும்பப்பெயர்களாக உறைந்ததால் ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ், எவன்ஸ் போன்ற சில பெயர்களுக்குள் மக்கள் அடங்கிவிட்டார்கள். ஒரே திருச்சபை வட்டத்தில் பல ஜான் ஜோன்ஸ்கள் இருந்தார்கள். ‘ஹவொட் ஜான் ஜோன்ஸ்’ என்றால்தான் ஆள் தெரியும். கல்லறைக் கற்களிலும் பெயருக்கு அடியில் வீட்டுப்பெயர் பொறிக்கப்பட்டது.

தேடலில் முதலில் உறுதிசெய்ய வேண்டியது திருச்சபை வட்டத்தை. ஒரே வீட்டுப்பெயர் பல ஊர்களில் இருப்பதால் வட்டம் தெரியாமல் பெயர் பயன்படாது. அடுத்து, 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்குகள் அவ்வீட்டில் வாழ்ந்தவர்களைக் காட்டும். 1836ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தசமபாக வரி வரைபடங்களும் அவற்றின் அட்டவணைகளும் நிலவுடைமையாளரையும் குடியிருந்தவரையும் தெரிவிக்கும். அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகம் இவ்வரைபடங்களையும் அட்டவணைகளையும் பாதுகாக்கிறது. 1858க்கு முன் திருச்சபை நீதிமன்றங்களில் பதிவான வெல்ஷ் உயில்களும் அங்கேயே உள்ளன. ஆங்கில எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால், ஒரே வீடு பல எழுத்துக்கூட்டல்களில் வரும். மூலச்சொல்லை அறிந்தவருக்கே அவை ஒன்று என்பது புலப்படும்.

வீட்டுப்பெயர் கடலும் கடக்கும். வேல்ஸில் டோல்கெல்லை அடுத்த பிரின் மௌர் என்ற பண்ணையிலிருந்து, குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த ரோலண்ட் எல்லிஸ் 1686இல் பென்சில்வேனியாவுக்குக் குடிபெயர்ந்தார்; புதிய நிலத்துக்கும் அதே பெயரை இட்டார். ‘பெரிய குன்று’ என்று பொருள்படும் அப்பெயரை 1869இல் அங்குள்ள ஊரும் ஏற்றது.

ஆகவே பழைய வீட்டின் பெயரை மாற்றுவது ஒரு குடும்பத்தின் முகவரியை அழிப்பதற்குச் சமம். வேல்ஸ் சட்டமன்றம் 2016இல் இயற்றிய சட்டத்தால் உருவான, வரலாற்று இடப்பெயர்களுக்கான அதிகாரபூர்வப் பட்டியல் இன்று பராமரிக்கப்படுகிறது. பண்ணைகள், வயல்கள், வீடுகள் எனப் பல லட்சம் பெயர்கள் அதில் பதிவாகியுள்ளன.