பழுப்பைத் தேடிய யந்திரம்

வானவில்லில் பழுப்பு நிறம் கிடையாது. மண்ணிலும் மரப்பட்டையிலும் வறுத்த காப்பிக்கொட்டையிலும் அன்றாடம் நம் கண்ணில் படுகிற அந்த வர்ணம், சூரிய வெளிச்சத்தைப் பட்டைக் கண்ணாடியில் விட்டு எத்தனை நுட்பமாகப் பிரித்துப் பார்த்தாலும் அகப்படுவதில்லை. ரோஜா நிறத்தின் கதையும் அதுவே. படங்களைத் திருத்தும் மென்பொருள்களில் வர்ணம் தேர்ந்தெடுப்பதற்கென்று ஒரு சிறு சாளரம் திறக்கிறதே, ஒரு சதுரமும் பக்கத்தில் ஒரு பட்டையும், கீழே சில எண்களுமாக, அதன் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க, பெரும்பாலும் அது இந்த இரண்டு ஏழை நிறங்களும் யந்திரத்துக்கு எட்டிய சரித்திரமாகவே எனக்குத் தோன்றுகிறது.

அந்தச் சாளரத்தில் சில சமயம் சக்கரமாகவும் சில சமயம் நீண்ட பட்டையாகவும் காட்சி தரும் வர்ண வரிசையை முதன்முதலில் வட்டமாக வளைத்தவர்களுள் கீர்த்தி பெற்றவர் ஐஸக் நியூட்டன். 1704-இல் வெளியான தம்முடைய ஒளியியல் நூலில், சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடியும் நேர்வரிசையின் இரு நுனிகளையும் சேர்த்து, ஸ்வர ஸ்தானங்களுக்கு ஒப்பாக ஏழு பங்கிட்டு, நடுவிலே வெண்மையை வைத்தார். நுனிகள் இரண்டும் வெளிச்சத்தின் இயல்பில் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை; மனிதனுடைய கண்தான் சிவப்பையும் ஊதாவையும் பங்காளிகளாகக் காண்கிறது. ஆகவே அந்த வட்டம் பிறந்த அன்றைக்கே பாதி பௌதிகமாகவும் பாதி கண்ணின் விருப்பமாகவும் பிறந்தது.

வர்ணத்தை மூன்று எண்களாக எழுதும் வழக்கம் ஒரு விளையாட்டுப் பொருளிலிருந்து வந்தது என்றால் நம்புவது கடினம். ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்ற ஸ்காட்லாந்து இளைஞர், 1855-இல், பம்பரத்தின் மீது வர்ணக் காகித வட்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, ஒவ்வொன்றும் எவ்வளவு வெளியே தெரிய வேண்டுமோ அவ்வளவுக்கு நகர்த்தி வைத்துச் சுழற்றிப் பார்த்தார். விளிம்பு நூறு பாகமாக வகுக்கப்பட்டிருந்தது. ஜாதிலிங்கச் சிவப்பு 37 பாகமும், மரகதப் பச்சை 36 பாகமும், ஆழ்ந்த நீலம் 27 பாகமும் கலந்து சுழன்றபோது, உட்புறத்தில் வெள்ளை 28 பாகமும் கறுப்பு 72 பாகமுமாகச் சுழன்ற சாம்பலோடு அது வித்தியாசமில்லாமல் ஒன்றிப்போயிற்று. இன்று திரையிலே ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு இத்தனை, பச்சை இத்தனை, நீலம் இத்தனை என்று 0 முதல் 255 வரை எழுதுகிறோமே, அந்தக் கணக்கின் பாட்டனார் இந்தப் பம்பரம்தான். யந்திரத்துக்கு இந்த மொழி போதும். மூன்று எண்களைக் கொடுத்தால் 1,67,77,216 வர்ணங்களில் கேட்டதை அது சளைக்காமல் காட்டிவிடும்.

ஆனால் சித்திரக்காரன் அப்படிக் கேட்பதில்லை. எந்த நிறம், அது எவ்வளவு வெளிச்சமாக, எவ்வளவு அழுத்தமாக இருக்க வேண்டும் என்பவையே அவன் மனத்தில் எழும் மூன்று வினாக்கள். இந்த மூன்றையும் ஒரு சாஸ்திரமாக ஒழுங்குபடுத்தினவர் பாஸ்டன் நகரத்துச் சித்திர ஆசிரியர் ஆல்பர்ட் மன்ஸெல். 1905-இல் அவர் வெளியிட்ட சிறு நூலின் நோக்கம், ஸங்கீதத்துக்கு ஸ்வரக் குறிப்பு இருப்பதைப்போல வர்ணத்துக்கும் ஒரு குறிப்பு வேண்டும் என்பது. அவருடைய ஆராய்ச்சியில் என்னை மிகவும் கவர்ந்த இடம் ஒன்று உண்டு. வர்ணங்களையெல்லாம் அழகிய ஓர் உருண்டைக்குள் அடக்கிவிடலாம் என்ற ஆசையோடு புறப்பட்டவர், கண் சொல்வதை நேர்மையாக அளந்து பார்த்தபோது, உருண்டை உடைந்துபோவதைக் கண்டார். மஞ்சளின் உச்ச அழுத்தம் மேலே, வெளிச்சமான தட்டிலே கிடைக்கிறது; நீலத்தினுடையதோ கீழே, இருட்டுக்கு அருகில்; சிவப்பு நடுவில் நின்று மற்றவற்றைவிடத் தூரமாகக் கிளை நீட்டுகிறது. கிடைத்த வடிவம் ஒரு கோணல் மரம். அதை மரமென்றே அழைத்தார்கள். அவரும் அதை நிமிர்த்த முயலவில்லை.

இனி 1973-ஆம் ஆண்டுக்கு வருவோம். கலிபோர்னியாவில் பாலோ ஆல்ட்டோ என்ற ஊரில், நம் ஊர்களில் நகலெடுப்பதற்கே பெயராகிவிட்ட ஜெராக்ஸ் கம்பெனி நடத்திய ஆராய்ச்சிக்கூடத்தில், ரிச்சர்ட் ஷூப் என்பவர் சூப்பர்பெயிண்ட் என்ற சித்திர யந்திரத்தை நிர்மாணித்தார். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் எட்டு பிட் ஞாபகம். அதனால் ஒரே சமயத்தில் 256 வர்ணங்களுக்குத்தான் இடம். அந்த 256 அறைகளில் எந்தெந்த வர்ணத்தை நிரப்புவது என்பதைச் சித்திரக்காரனே நிச்சயித்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் புதுமை. மறு வருஷம் அங்கே ஆல்வி ரே ஸ்மித் வந்து சேர்ந்தார். கணிதம் கற்றவர், தூரிகையும் பிடித்தவர். இந்த இரட்டைப் பயிற்சியின் பலனாகவே, யந்திரத்தின் மூன்று விளக்குகளுக்கும் ஓவியனின் மூன்று வினாக்களுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளனாக நிற்கும் ஒரு கணக்கு அவருக்கு அகப்பட்டது.

அந்தக் கணக்கு என்ன செய்கிறது என்பதைப் பழுப்பைக் கொண்டே பார்த்துவிடலாம். விளக்குகளின் மொழியில் ஆரஞ்சு என்பது சிவப்பு 255, பச்சை 128, நீலம் 0. இதைப் பழுப்பாக்க வேண்டுமானால் சிவப்பையும் பச்சையையும் அதே விகிதம் மாறாமல் ஒருங்கே குறைத்து 128, 64 என்று கொண்டுவர வேண்டும். ஒன்றில் சற்றே கை தவறினால் செந்நிறமோ பாசி நிறமோ வந்து நிற்கும். ஸ்மித்தின் ஏற்பாட்டிலோ நிறமும் செறிவும் இருந்த இடத்தில் இருக்க, பிரகாசத்தை மட்டும் பாதியாக இறக்கினால் போதும், பழுப்பு வந்துவிடுகிறது. ஆம், பழுப்பென்பது இருட்டிய ஆரஞ்சே அன்றி வேறில்லை. சிவப்பின் செறிவை மட்டும் தளர்த்தினால் ரோஜா நிறம். எந்த நிறத்தோடு வெள்ளை கலப்பது, எதோடு கறுப்பு கலப்பது என்று சித்திரச்சாலையில் பையன்கள் முதல் வருஷத்திலேயே பழகுவதைத்தான் யந்திரமும் இவ்விதம் பழகிக்கொண்டது.

கம்பெனிக்கு இதில் சிரத்தை இல்லை. வர்ணம் தங்கள் வியாபாரத்தில் சேர்ந்ததல்ல என்று மேலிடம் தீர்மானித்துவிட, 1975-இன் தொடக்கத்தில் ஸ்மித் வெளியேற நேர்ந்தது. நியூயார்க்கில் வேறோர் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். தம்முடைய கணக்கை 1978-இல் கணிப்பொறி வரைகலை மாநாட்டில் அவர் பிரசுரித்தார். அதே மாநாட்டுத் தொகுப்பில் ஜாப்லவ், கிரீன்பர்க் என்ற இருவரும் கிட்டத்தட்ட அதே பிரச்னைக்கு வேறொரு விடை எழுதியிருந்தார்கள். காலம் கனிந்துவிட்டால் இப்படித்தான்.

இதிலே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஸ்மித்தின் வடிவம் கருநுனி கீழேயும் வெள்ளை நடுவுமாக நிற்கும் ஓர் ஆறுபக்கக் கூம்பு. மன்ஸெலின் மரத்தைப்போல் கோணலாகாமல், அளந்து செதுக்கினாற்போல் இருக்கிறது. அந்த ஒழுங்குக்காக அவர் கொடுத்த விலை கண்ணின் சாட்சியம். மூன்று விளக்குகளில் எது உச்சமோ அதையே பிரகாசமென்று அந்தக் கணக்கு எடுத்துக்கொள்வதால், முழு மஞ்சளும் முழு நீலமும் அங்கே நூற்றுக்கு நூறு என ஒரே படியில் அமர்கின்றன. இன்றைய சாதாரணத் திரையில் அளந்தால், மஞ்சள் அந்த நீலத்தைவிடப் பன்னிரண்டு மடங்குக்கும் மேலாக ஒளிர்கிறது. அக்காலத்து யந்திரத்தின் வேகத்துக்கு எளிய கணக்கே தேவைப்பட்டது என்பதை நினைத்தால் ஸ்மித்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை; அந்த நிர்ப்பந்தம் தீர்ந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருந்த பின்வந்தவர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு தாராளமில்லை.

1984-இல் வந்த மாக்பெயிண்ட் என்ற சித்திர மென்பொருளில் வர்ணமே இல்லை, கறுப்பும் வெள்ளையும் பலவகைப் புள்ளிக் கோலங்களும்தான். 1990-இல் டாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்களின் போட்டோஷாப் வெளியாயிற்று. குறுக்கே செறிவும் நெடுக்கே பிரகாசமுமாக ஒரு சதுரம், பக்கத்தில் நிறப்பட்டை என்று கூம்பை வெட்டி விரித்துவைத்த அந்த வடிவம் உலகமெங்கும் பரவிற்று. இணையத்தின் பால்யத்தில் எல்லாத் திரைக்கும் பொதுவாக 216 வர்ணங்களே நம்பத்தக்கவை என்ற சிக்கனமும் சிறிது காலம் இருந்தது. கண்ணின் கோணலுக்கு மரியாதை செய்யும் கணக்குகள் 1976-லேயே சர்வதேச ஒளியூட்டல் குழுவால் வகுக்கப்பட்டிருந்தும், அவை சாமானியரின் சாளரத்துக்குள் மெள்ள மெள்ளத்தான் நுழைகின்றன; 2020-இல் பியோர்ன் ஓட்டொசன் அமைத்துத் தந்த ஓக்லாப் என்னும் எளிய ஏற்பாடு வந்த பிறகுதான் அந்த நடை கொஞ்சம் வேகம் பிடித்திருக்கிறது.

சென்ற மாசியில் என் தங்கை மகளின் கலியாணப் பத்திரிகைக்காக ஒரு டிசைன் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஓரத்துக்கு மாந்தளிர் நிறம் வேண்டும் என்றாள் தங்கை. "அது சிவப்பா, பச்சையா, சார்?" என்று பையன் என்னைக் கேட்டான். கொல்லை மரத்திலிருந்து பறித்து வந்திருந்த கொத்தை மேஜைமேல் வைத்தேன். அவன் அதைச் செல்போனில் படமெடுத்துத் திரையில் ஏற்றி, சொட்டுக்குழாய் வடிவமுள்ள கருவியால் இலையைத் தொட்டான். நுனியில் தொட்டால் தாமிரமும் ஊதாவும் கலந்தாற்போல் ஒன்று, நரம்பின்மேல் வெளிறிய ரோஜா, காம்பருகே பச்சை. தொட்ட இடத்துக்கெல்லாம் எண்கள் மாறின. "இதுல எது சார் மாந்தளிர்?" என்றான். என்னிடம் விடையில்லை. தங்கை பையிலிருந்து கூறைப் புடவையை எடுத்து, முந்தானையைத் திரையோரமாக விரித்துப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சிறிது நேரம் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் பழுப்பா இருக்கணும், தம்பி."

பையன் சதுரத்துக்குள்ளிருந்த சிறு வளையத்தைப் பிடித்து மெதுவாகக் கீழே இழுக்கத் தொடங்கினான்.