மூணு ஊர் நெல்லும் ஒரு பள்ளிக்கூடமும்

எங்க பாகூர் பக்கம் புதுச்சேரிக்கே நெற்களஞ்சியம்னு சொல்லுவாங்க. ஒரு காலத்தில் படிப்புக்கும் பேர் போன ஊர் இது. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ ராஜா நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கே ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. அதை நடத்துவதற்காக சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்று மூணு ஊரை எழுதி வைத்திருக்கிறார்கள். 1879ல் கிடைத்த பாகூர் செப்பேட்டில் இது இருக்கிறது. வேதம், சாஸ்திரம் படிக்கிற இடம் அது. குடியானவன் பிள்ளை உள்ளே போயிருக்க முடியாது, அது வேற கதை. நான் பார்ப்பது அந்த மூணு ஊரைத்தான். படிப்பு தொடர்ந்து நடக்கணும்னா முதலில் சோத்துக்கு வழி பண்ணணும் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

நம்ம பிள்ளைகளுக்கு அந்த வழி கிடைக்க ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு.

பள்ளிக்கூடத்தில் பேர் எழுதுவது ஒன்று, தினமும் போவது இன்னொன்று. நான் படிக்கும்போது நடவு ஆரம்பிச்சா வகுப்பில் பாதி பெஞ்சு காலி. அம்மா நாத்து நடப் போயிடும், கைக்குழந்தையை யார் பார்ப்பது? மூத்த பொண்ணு நின்னுடும். பையன்னா மாடு மேய்க்க, அறுப்பு சமயத்தில் களத்துக்குக் காவல். நடவுக்கு நாலு நாள், களைக்கு ரெண்டு நாள், அறுப்புக்கு ஒரு வாரம் என்று போனா, திரும்பி வரும்போது கணக்குப் பாடம் எங்கேயோ போயிருக்கும். புரியாத வகுப்பில் உட்கார யாருக்குப் பிடிக்கும்? அப்படித்தான் பல பேர் படிப்பு நின்றது. ஒரே நாளில் யாரும் நிறுத்தவில்லை.

சட்டம் போட்டு வரவைக்கலாம் என்று கோகலே 1911ல் கட்டாயக் கல்வி மசோதா கொண்டு வந்தார். அடுத்த வருஷமே தோற்கடித்துவிட்டார்கள். சோறு போட்டுக் கூப்பிடும் யோசனை சென்னை மாநகராட்சியில் வந்தது. 1920ல், தியாகராய செட்டியார் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு ஆரம்பித்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது. கல்விப் பணத்தில் இதுக்குச் செலவு பண்ணக்கூடாது என்று வெள்ளைக்கார அரசு சொல்ல, சில வருஷத்தில் நின்று போனது. சாப்பிடாத பிள்ளைக்கு எந்தக் கல்வியைக் கொடுக்க நினைத்தார்களோ!

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலேயே, 1930ல், பள்ளியில் மதிய உணவு வந்துவிட்டது. காமராஜர் திட்டம் 1956. அதுக்கு 26 வருஷம் முன்னாடி நம்ம ஊர். இதைச் சொன்னா தமிழ்நாட்டுச் சொந்தக்காரங்க நம்ப மாட்டாங்க.

அதுக்காக பிரெஞ்சுக்காரனை ரொம்பப் புகழவும் வேண்டாம். அப்போது டவுன் மில்லுகளில் சின்னப் பிள்ளைகளும் வேலை செய்தார்கள். 1936 ஜூலை 30ஆம் தேதி, உரிமை கேட்டுப் போராடிய சவானா மில் தொழிலாளிகள் மேல் சுட்டதில் 12 பேர் செத்தார்கள். அடுத்த வருஷம் தொழிலாளர் சட்டம் வந்தது. மதியச் சோறு பிள்ளைக்குத்தான் வரும். வீட்டில் இருக்கிற மத்த வயிறுகளுக்கு அப்பன் கூலி கட்டுப்படியாகணும். இல்லாட்டி அந்தப் பிள்ளையும் மில் கேட்டில்தான் நிற்கும்.

இந்தக் காலம் முழுக்க இங்கே வாத்தியாராக இருந்தவர் பாரதிதாசன். 1909ல் காரைக்கால் பக்கம் நிரவியில் சேர்ந்து 1946 வரைக்கும் வேலை பார்த்தார். பெண் குழந்தையைப் பள்ளிக்கூடம் போகச் சொல்லும் அவர் பாட்டை நாம எல்லாம் பாடியிருக்கோம். 37 வருஷம் "உள்ளேன் ஐயா" கேட்ட மனுஷன். யார் வரவில்லை, எந்த மாசம் வரவில்லை என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

இப்போ மதியச் சோறு இருக்கு, காலையில் பால் இருக்கு. பஸ்சுக்கு ஒரு ரூபாய்தான் என்றும் பார்த்தோம். நடவுக்கு மெஷின் வந்துடுச்சு, அறுப்புக்கும் மெஷின். வயலில் பிள்ளைக்கு வேலையே இல்லை. ஆனாலும் மாசி மகத்துக்கு முன்னாடி ரெண்டு நாள், பின்னாடி ரெண்டு நாள். மாமா வீட்டுக் காதுகுத்து, அத்தை வீட்டு வளைகாப்பு. "ஒரு நாள்தானேப்பா" என்று பெத்தவங்களே சொல்றாங்க. பங்காரு வாய்க்கால் தண்ணி நம்ம முறைக்கு வரும்போது எவனாவது காதுகுத்துக்குப் போவானா? மடையிலேயே படுத்துக் கிடப்போம்.

எங்க தெருவில் ஒரு பாட்டி இருக்கு, வயசு எண்பதுக்கு மேல. தம்பியைத் தூக்கி வச்சுக்கிட்டே மூணாவதோடு நின்ன பொண்ணு. இப்போ பேத்தி வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் அது கேட்கிற முதல் கேள்வி, "அன்னிக்கு லீவா?"