ஈனா டி சில்வா: தைக்கத் தெரிந்த கைகளுக்கு வடிவமைக்கக் கற்பித்தவர்

நூற்றாண்டு காணும் நமது பாடசாலையின் கதையில் தையல் அறைக்கும் ஓர் இடம் உண்டு. ஓடுந்தையல், பின்தையல், சங்கிலித்தையல், பொத்தான் துளைத் தையல் என்று வெள்ளைத் துணித்துண்டுகளில் வரிசையாகத் தைத்து, அவற்றை மாதிரிக் கொப்பியில் ஒட்டி, ஆசிரியையிடம் புள்ளி வாங்கியவர்கள் நாம். திருமணத்துக்குத் தயாராகும் பெண்ணுக்கு வேண்டிய பாடம் என்றுதான் அக்காலத்தில் அதைக் கருதினார்கள். ஆனால் நம்மில் பலருக்கு அந்தப் பாடமே பின்னாளில் சோறு போட்டது. கணவன் இறந்த பின் ஒரு தையல் இயந்திரத்தை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார் பசறையிலும் பண்டாரவளையிலும் லுணுகலையிலும் இருக்கிறார்கள்.

அந்தப் பாடம் ஓர் எல்லையோடு நின்றுவிட்டது. பிறர் வரைந்த மாதிரியைப் பிழையின்றித் தைக்க நமக்குச் சொல்லித் தந்தார்கள். மாதிரியை நாமே வரையலாம் என்று பாடத்திட்டம் சொல்லவில்லை. அந்த எல்லையைத் தாண்டிய ஒரு பெண்மணியை இம்மலரில் நினைவுகூர விரும்புகிறேன். அவர் நமது பாடசாலையில் படித்தவருமல்லர், தமிழருமல்லர். மாத்தளையைச் சேர்ந்த ஈனா டி சில்வா அம்மையார் அவர். இலங்கையின் பத்திக் கலைக்குப் புது முகம் தந்தவர். கிராமத்துப் பெண்களுக்கு ஆசிரியையாகவும் இருந்தவர்.

மாத்தளை நமக்கு அந்நியமான ஊரன்று. ரெயில் பாதைகள் வருவதற்கு முன்னர், மன்னார்க் கரையில் இறங்கிய நமது முன்னோர் காடுகளைக் கடந்து, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர்கள் கணக்கில்லை. அங்கிருந்துதான் கண்டிக்கும் பின்னர் ஊவாவுக்கும் பிரிந்து சென்றார்கள். அந்த வடக்குப் பாதையில், மாத்தளை நகரை நெருங்கும் இடத்தில் இருப்பதுதான் அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில் பௌத்த திரிபிடகம் ஓலையில் எழுதப்பட்டதாகப் போற்றப்படும் குகை விகாரை அங்கு உள்ளது. அந்த ஊர்ப் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்ட குடும்பத்தில் 1922 ஆம் ஆண்டு பிறந்தவர் ஈனா.

அவருடைய தந்தை சேர் றிச்சட் அலுவிகாரை, இலங்கையரில் முதன்முதலாகப் பொலிஸ் மா அதிபர் பதவியை ஏற்றவர். பின்னர் இந்தியாவில் இலங்கையின் உயர்ஸ்தானிகராகவும் இருந்தார். ஈனா கொழும்பு மகளிர் கல்லூரியில் பயின்றார். இளம் வயதிலேயே பொலிஸ் அதிகாரியான ஒஸ்மண்ட் டி சில்வாவை மணந்தார். மாமனாருக்குப் பின் 1955 இல் பொலிஸ் மா அதிபரானவரும் அந்த மருமகன்தான். சட்டத்துக்குப் புறம்பானது எனத் தாம் கருதிய பணிப்பை ஏற்க மறுத்ததால், 1959 இல் அவர் அப்பதவியிலிருந்து விலக நேர்ந்தது.

அதிகார வீட்டில் பிறந்து அதிகார வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஒருவருக்கு, மெழுகையும் சாயத்தையும் கையில் எடுக்க வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. அவர் எடுத்தார் என்பதுதான் கதை.

1960 ஆம் ஆண்டளவில் கொழும்பு அல்பிரட் பிளேசில் ஒரு சிறிய காணியில் வீடு கட்ட நினைத்த ஈனா, அப்போது அதிகம் அறியப்படாதிருந்த கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவை அணுகினார். காற்றும் வெளிச்சமும் நடுமுற்றத்தின் வழியே உள்ளே வரும் பழைய இலங்கை வீடுகளின் இயல்பு வேண்டும். ஆனால் புதுமையான வீடாகவும் இருக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். 1962 அளவில் நிறைவுற்ற அந்த வீடு, இலங்கையின் நவீன கட்டடக் கலை வரலாற்றில் ஒரு திருப்பமாக இன்று பேசப்படுகிறது. பல தசாப்தங்களுக்குப் பின் அந்தக் காணி கைமாறியபோது, வீட்டைக் கல் கல்லாகக் கழற்றி இலக்கமிட்டு, பெந்தோட்டைக்கு அண்மையில் பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்துக்கு எடுத்துச் சென்று மீண்டும் எழுப்பினார்கள்.

அந்த வீட்டில்தான் அவருடைய பத்திக் வேலை வளர்ந்தது. அவர் எந்தக் கலைக் கல்லூரியிலும் பத்திக் பயின்றவரல்லர். மகன் அனில் ஜயசூரியவும் ஓவியர் லக்கி சேனாநாயக்கவும் உருவங்களை வரைந்தார்கள். ஈனா நிறங்களையும் துணியையும் வேலையின் ஒழுங்கையும் கவனித்தார். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வெளிநாட்டுத் துணிகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலம் அது. உள்நாட்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும் என்ற நெருக்கடியே பலரைத் தறிக்கும் சாயத்தொட்டிக்கும் திருப்பியது.

பத்திக் என்பது ஜாவாவிலிருந்து உலகெங்கும் பரவிய கலை. அங்கு நுண்ணிய கோலங்கள் திரும்பத் திரும்ப வரும். ஈனாவின் கூடம் அதை அப்படியே பின்பற்றவில்லை. பழைய சிங்களக் கொடிகளிலும் விகாரை ஓவியங்களிலும் காணப்படும் சிங்கம், மயில், சூரியன், தாமரை போன்றவற்றைப் பெரிதாக, துணிச்சலான நிறங்களில் கொண்டுவந்தது. சேலைகளும் உடைகளும் அதில் பிறந்தன. பாவா கட்டிய பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டலில் நுழைபவர்கள் தலைநிமிர்ந்து பார்த்து வியந்த பத்திக் கூரை, 1982 இல் திறக்கப்பட்ட ஸ்ரீ ஜயவர்தனபுரப் பாராளுமன்றத்தின் சபா மண்டபக் கொடிகள் ஆகியவை ஈனாவின் பெயரோடு நிலைத்திருக்கும் வேலைகள்.

பத்திக் வேலையை அறியாத இளைய மாணவியருக்காக ஒரு சில வரிகள். கஞ்சி போகக் கழுவி உலர்த்திய பருத்தித் துணியில் முதலில் உருவத்தைப் பென்சிலால் வரைவார்கள். பரஃபின் மெழுகையும் தேன்மெழுகையும் சேர்த்து உருக்கி, வெள்ளையாகவே இருக்க வேண்டிய இடங்களைத் தூரிகையால் மூடுவார்கள். பிறகு மிக மெல்லிய நிறத்தில், மஞ்சள் என்று வைத்துக்கொள்வோம், துணியைத் தோய்ப்பார்கள். மஞ்சளாக இருக்க வேண்டிய இடங்களுக்கு மறுபடி மெழுகு பூசி, அடுத்த கடும் நிறத்தில் தோய்ப்பார்கள். இப்படி மெல்லிய நிறத்திலிருந்து கடும் நிறத்துக்குப் படிப்படியாகப் போய், கடைசியில் கொதிநீரில் இட்டு மெழுகை உருக்கி எடுப்பார்கள். அப்போதுதான் முழு உருவமும் வெளிப்படும். இடையில் ஒரு துளி மெழுகு தவறான இடத்தில் விழுந்தால் அழிக்க முடியாது.

இந்த வேலையில் மெழுகு பூசுபவள் வெறும் கூலிக்காரியாக இருக்க முடியாது. கடைசி நிறம் என்னவாகும் என்று முதல் மெழுகு பூசும்போதே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மஞ்சளின் மேல் நீலம் விழுந்தால் பச்சையாகும் என்பதைக் கண்ணால் கணிக்க வேண்டும். ஆகவே பத்திக் கற்பிப்பவர் கைவேலையை மட்டும் கற்பித்துவிட்டுப் போக முடியாது. முழு வடிவத்தையும் பார்க்கக் கற்பித்தே ஆக வேண்டும். ஈனா அம்மையாரை ஆசிரியை என்று நான் அழைப்பது இதனால்தான்.

1980 களின் தொடக்கத்தில் பொதுநலவாயச் செயலகத்தின் ஆலோசகராகப் பிரித்தானிய வேர்ஜின் தீவுகளுக்குச் சென்று, அங்குள்ளவர்களுக்குக் கைப்பணித் துறையில் வழிகாட்டினார். அறுபதை நெருங்கும் வயதில் நாடு திரும்பியவர், கொழும்பில் ஓய்வாக இருக்கவில்லை. அலுவிகாரையில் குடும்பத்தின் மலைவீட்டுக்கே போய்ச் சேர்ந்தார். அங்கு மாத்தளை மரபுரிமை நிலையத்தை வளர்த்தார். பத்திக், கைத்தையல், தச்சு வேலை, பித்தளை வார்ப்பு ஆகியவற்றில் ஊரவர்களுக்குத் தொழில் தந்தது அந்த நிலையம். மலைநாட்டுச் சமையலைத் தேடி வந்த விருந்தினருக்குச் சோறும் பல கறிகளும் பரிமாறிய சமையலறையும் அதனோடு சேர்ந்திருந்தது. 2015 ஆம் ஆண்டு, 93 ஆவது வயதில் காலமாகும் வரை அலுவிகாரையே அவர் வாழ்வாக இருந்தது.

வேலை தேடிப் பெண்கள் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. வேலை ஊருக்கு வரலாம் என்று அவர் செய்து காட்டினார். பாராளுமன்றத்துக்கும் பெரிய ஹோட்டல்களுக்கும் போன துணிகளுக்குப் பின்னால் பலருடைய கைகள் இருந்தன. ஆனால் வரலாற்றில் ஈனாவின் பெயரும் லக்கியின் பெயரும் நிலைத்த அளவுக்கு, மெழுகு பூசிய பெண்களின் பெயர்கள் நிலைக்கவில்லை. அவரைப் போற்றும்போது இதையும் சொல்லத்தான் வேண்டும். குடும்பப் பின்னணியும் கொழும்பு நட்புகளும் அவருக்குத் திறந்த கதவுகள் எல்லாருக்கும் திறப்பவையல்ல.

இனி நமது பக்கத்தைப் பார்ப்போம். சிங்கர் தையல் இயந்திரம் 1877 இல் இலங்கைக்கு வந்தது. ரெயில் 1924 இல் பதுளையை எட்டியது. ஆயினும் நமது பாட்டிமாருக்குத் தைத்த உடை என்பது நெடுங்காலம் பண்டிகைக்கு மட்டுமே உரியதாக இருந்தது. தோட்டத்தில் கொடுத்த கம்பளிக்கும் கணக்கில் கடன் எழுதப்பட்டது. கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்கும் குளிருக்கும் தலையில் கொங்காணி போட்டு, தேயிலைச் செடி சேலையைக் கிழிக்காமல் இடுப்பில் படங்கு கட்டினார்கள். கூடையின் கயிறு நெற்றியில் பதிய, இரு கைகளும் தடையின்றி இயங்க, சேலையை எப்படி உடுத்த வேண்டும் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். எந்த ஆடை வடிவமைப்பாளரும் வந்து சொல்லித் தரவில்லை. காமன் கூத்துக்கு ரதிக்கும் மன்மதனுக்கும் உடுப்பும் முடியும் கிடைத்த பொருளைக் கொண்டு செய்தவர்களும் லயத்தில் வாழ்ந்த நம்மவர்களே. வடிவமைப்பு என்ற சொல் இல்லாமலே வடிவமைப்பு நம்மிடம் இருந்தது.

1978 இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. 1992 இல் 200 ஆடைத் தொழிற்சாலைகள் என்ற திட்டத்தின் கீழ் கிராமப்புறங்களிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. தோட்டத்துப் பெண்பிள்ளைகளும் கொழுந்துக் கூடையை விட்டு அங்கே போனார்கள். சம்பளமும் வெளியுலகமும் கிடைத்தன. அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் அங்கு ஒருத்தி நாள் முழுதும் கைப்பட்டியை மட்டுமே தைப்பாள், மற்றொருத்தி பையை மட்டுமே தைப்பாள். முழுச் சட்டையும் யாருடைய கையிலும் இல்லை. சட்டையின் கழுத்தில் வெளிநாட்டுப் பெயர் இருக்கும். மெழுகு பூசும் முதல் கணத்திலேயே கடைசி நிறத்தை நினைத்துப் பார்க்கும் அலுவிகாரைப் பெண்ணுக்கும், மணிக்கு இத்தனை கைப்பட்டி என்று எண்ணித் தைக்கும் நமது பிள்ளைக்கும் கைத்திறனில் வேற்றுமை இல்லை. முழுமையைப் பார்க்க ஒருத்திக்கு வாய்ப்புக் கிடைத்தது, மற்றவளுக்குக் கிடைக்கவில்லை.

அந்த வாய்ப்பை உண்டாக்குவது பழைய மாணவியரான நம்மால் முடியாத காரியமன்று. ஆடை வடிவமைப்பை இன்று பட்டப்படிப்பாகவே மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். நமது பாடசாலைப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கணிதமும் ஆங்கிலமும் போல வரைதலும் ஒரு தொழிலுக்கு வழி என்று பெற்றாருக்கு எடுத்துச் சொல்ல, அந்த வழியில் போனவர்கள் நம்மில் இருந்தால் ஒருமுறை பாடசாலைக்கு வந்து பேசட்டும். தையல் அறையில் புதிய இயந்திரங்கள் வாங்கித் தர முன்வருவோர், வரைதாளும் நிறமும் சாயத்தொட்டியும் சேர்த்து வாங்கித் தரட்டும்.

இன்னொரு காரியமும் உண்டு. பாட்டியின் படங்கு, கொங்காணி, கல்யாணச் சேலை, கூத்து உடுப்பு ஆகியவற்றில் எது வீட்டுப் பெட்டியில் எஞ்சியிருந்தாலும் அதை எறிந்துவிடாதீர்கள். படம் எடுங்கள், யார் உடுத்தது, எந்தத் தோட்டம், எப்படிக் கட்டினார்கள் என்று எழுதிப் பாடசாலை நூலகத்துக்குக் கொடுங்கள். கனடாவிலும் இலண்டனிலும் சென்னையிலும் திருச்சியிலும் இருப்பவர்கள் அங்கிருந்தே எழுதி அனுப்பலாம். ஈனா அம்மையார் தம் மண்ணின் பழைய கொடிகளையும் விகாரைச் சுவர்களையும் பார்த்துப் புதிதாக வரைந்தார். நமது பிள்ளைகள் பார்த்து வரைவதற்கு நமது பெட்டிகளில் உள்ளவையும் அவர்கள் கைக்குக் கிடைக்க வேண்டும். தைத்தவளின் பெயரையும் அதில் மறவாமல் எழுதுங்கள்.