அனெடா மரமும் அழுகிய ஈறுகளும்

நம் மொட்டை மாடித் தொட்டிகளில் மணத்தக்காளி நன்றாகத் தழைத்திருக்கிறது. வாய்ப்புண் வந்த வீட்டார் பறித்துக்கொள்ளலாம் என்று சென்ற கூட்டத்திலேயே பேசி வைத்திருக்கிறோம். அந்தக் கீரையைக் கிள்ளும்போதெல்லாம் எனக்குக் கனடாவின் கதை ஒன்று ஞாபகம் வரும்.

1535-ஆம் ஆண்டுக் குளிர்காலம். பிரெஞ்சு மாலுமி ழாக் கார்த்தியே 3 கப்பல்கள், சுமார் 110 ஆட்களோடு இன்றைய கியூபெக் நகருக்கு அருகே உறைபனியில் மாட்டிக்கொண்டார். பக்கத்திலேயே ஸ்டாடகோனா என்ற பழங்குடிக் கிராமம். மாதக்கணக்கில் பச்சைக் காய், பழம் எதுவும் கிடைக்காததால் ஆட்களுக்கு ஸ்கர்வி கண்டது. கால் வீங்கிக் கறுத்தது. வாய் நாறியது. ஈறு பல்லின் வேர் வரை அழுகிப் பற்கள் உதிர்ந்தன. பிப்ரவரி நடுவில் நல்ல உடம்போடு இருந்தவர்கள் 10 பேர்கூட இல்லை. மொத்தம் 25 பேர் இறந்தார்கள்.

கிராமத்தார் தாக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் கார்த்தியே நோயை மறைத்தார். கப்பலுக்குள் சுத்தியலால் தட்டச் சொல்லி, எல்லோரும் வேலையாக இருப்பதுபோல் காட்டினார். அப்போதுதான் கிராமத் தலைவர் டோனகோனாவின் மகன் டோமகாயா கண்ணில் பட்டார். பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு முழங்கால் வீங்கி, ஈறு அழுகிக் கிடந்தவர், நன்றாக நடந்து வருகிறார்! எப்படி என்று விசாரித்தார் கார்த்தியே. தன் வேலைக்காரன் ஒருவனுக்குத்தான் உடம்பு சரியில்லை என்று பொய் வேறு.

டோமகாயா ஒளிக்கவில்லை. 2 பெண்களை அனுப்பி 'அனெடா' என்ற மரத்தின் கிளைகளைக் கொண்டுவரச் செய்தார். பட்டையையும் இலையையும் கொதிக்கவைத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடிக்க வேண்டும். மண்டியைக் காலில் பூச வேண்டும். முதலில் தயங்கியவர்கள், ஓரிருவர் தேறியதும் முட்டி மோதினார்கள். ஒரு பெரிய மரமே எட்டு நாளுக்குள் மொட்டையாகிவிட்டது. மற்றவர்கள் பிழைத்தார்கள்.

வங்கியில் பற்று வரவு எழுதியே காலம் கழித்தவன் நான். இந்தக் கணக்கு மட்டும் எனக்கு நேராகவில்லை. 1536 மே மாதம் ஊர் திரும்பும்போது கார்த்தியே, டோனகோனாவையும் மருந்து சொன்ன டோமகாயாவையும் சேர்த்து 10 பேரைப் பிடித்துக்கொண்டு போனார். ஒருவர்கூடத் தம் ஊர் திரும்பவில்லை.

1604-இல் வேறொரு பிரெஞ்சுக் கூட்டம் செயின்ட் குருவா தீவில் குளிர்காலத்தைக் கழித்தது. 79 பேரில் 35 பேர் அதே நோயில் செத்தார்கள். அதற்குள் ஸ்டாடகோனா மக்களும் அந்த ஆற்றங்கரையில் இல்லை. மரத்தை அடையாளம் சொல்ல ஆளில்லை. அது எந்த மரம் என்று இன்றும் ஆய்வாளர்கள் வாதாடுகிறார்கள். துஜா வகை என்பது பலர் கருத்து. நம் நுழைவாயிலில் அழகுக்கு வைத்திருக்கிறோமே, அதன் உறவுக்கார மரம். தயவுசெய்து அதைப் போய்க் கொதிக்க வைத்துவிடாதீர்கள், அளவு மீறினால் நஞ்சு. மணத்தக்காளி போதும். இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண்ணென்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.