தண்டனை விலகிய திரை: மௌனப்பட நகைச்சுவையில் குறும்புச் சிறுவர்கள், 1895–1932

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸின் கிரான் கஃபேயில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டிய பத்துப் படங்களுள் ஒன்றில் ஒரு தோட்டக்காரர் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார். பின்னால் வரும் சிறுவன் குழாயை மிதிக்கிறான், தண்ணீர் நின்றுவிடுகிறது. என்ன ஆயிற்று என்று அவர் குழாயின் வாயைப் பார்க்கும்போது சிறுவன் காலை எடுக்கிறான். தண்ணீர் முகத்தில் பீறிடுகிறது. ஏறக்குறைய 50 நொடி ஓடும் இந்தப் படம் திரைநகைச்சுவையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. ஆனால் அதன் பிற்பாதியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. தோட்டக்காரர் சிறுவனைத் துரத்திப் பிடித்து, பிடித்த இடத்திலேயே அடித்துவிடவில்லை. கேமராவுக்கு முன்னால் இழுத்துவந்து, நாம் நன்றாகப் பார்க்கும்படி நிறுத்தி, பின்புறத்தில் அடிக்கிறார். அசையாத கேமரா அவர்களைத் தேடிப் போக முடியாது. ஆகவே தண்டனைதான் கேமராவைத் தேடி வந்தாக வேண்டும். அந்தச் சில நொடிகளுக்காக இவ்வளவு சிரமப்பட்டிருக்கிறார்கள் என்பதே, அடி விழாமல் கதை முடியாது என்று படம் எடுத்தவர்கள் நம்பியதைக் காட்டுகிறது. அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்த அடி திரையிலிருந்து படிப்படியாக விலகியது. குழந்தைகள்மீது சமூகத்துக்குக் கருணை கூடியதை அதற்குரிய தலையாய காரணமாக நான் கருதவில்லை. திரைப்படத் தொழிலின் வடிவங்களே, அதாவது துரத்தல் படமும் வாராந்தரத் தொடரும் பிறகு சிறுவர் கும்பலும், தண்டனையைத் தேவையற்றதாக்கின. அந்த மாற்றத்தின் விளைவாகத்தான், யாரும் திட்டமிடாமலேயே, குழந்தைக்கென ஓர் உலகம் திரையில் உருவாயிற்று.

குறும்புச் சிறுவன் சினிமாவுக்கு வந்து சேர்ந்தது அச்சிலிருந்து. 1865-இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் புஷ் வரைந்து எழுதிய மாக்ஸ், மோரிட்ஸ் என்னும் இரு பையன்களின் கதையில் ஏழு சேட்டைகள் உண்டு. முடிவில் இருவரும் மாவு ஆலையில் அரைபட்டு வாத்துகளுக்கு இரையாகிறார்கள். அந்த மரபைப் பின்பற்றி 1897 டிசம்பரில் ருடால்ஃப் டிர்க்ஸ் அமெரிக்க நாளிதழில் தொடங்கிய காட்சன்ஜாமர் கிட்ஸ் படக்கதையில் வாத்துகள் இல்லை. அவற்றின் இடத்தைக் கடைசிக் கட்டத்து அடி பிடித்துக்கொண்டது. லூமியேரின் தோட்டக்காரருக்கும் முன்மாதிரி உண்டு. குழாயை மிதிக்கும் அதே வேடிக்கை 1880-களிலேயே ஐரோப்பியச் சித்திரக்கதைகளில் அச்சாகிவிட்டது. ஆகவே தொடக்ககாலச் சினிமா சேட்டையையும் தண்டனையையும் ஒரே பொட்டலமாகக் கடன் வாங்கியது. இங்கே ஒரு மறுப்பு எழலாம்: படக்கதையிலிருந்து வந்தவை படக்கதையோடுதானே மாறியிருக்கும்? காட்சன்ஜாமர் பையன்களின் கதி அப்படிச் சொல்லவில்லை. திரைச் சிறுவர்கள் அடியிலிருந்து தப்பிவிட்ட பிறகும், இருபதாம் நூற்றாண்டில் வெகுகாலம் அவர்கள் செய்தித்தாளில் அடி வாங்கிக்கொண்டேயிருந்தார்கள். ஒரே மூலத்திலிருந்து கிளைத்த இரண்டு கலைகளுள் ஒன்று மாறி மற்றொன்று மாறவில்லை என்றால், காரணத்தை மாறிய கலைக்குள்ளேதான் தேட வேண்டும்.

முதல் தளர்வு துரத்தல் படத்தில் நேர்ந்தது. 1903-க்குப் பிறகு பல ஷாட்டுகளை ஒட்டி ஓட்டத்தைத் தொடர்ந்து காட்டும் முறை பரவியது. இங்கிலாந்தின் ஹோவ் நகரில் படமெடுத்த ஜேம்ஸ் வில்லியம்சன் 1905-இல் ஒரு மளிகைக் கடையின் எடுபிடிப் பையனைப் படமாக்கினார். சரக்குக் கொண்டுபோகும் வழியெல்லாம் அவன் சேட்டை செய்ய, பாதிக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்து அவனைத் துரத்துகிறார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் எடிசன் நிறுவனத்துக்காக எட்வின் எஸ். போர்ட்டர் ‘தி டெரிபிள் கிட்ஸ்’ எடுத்தார். இரண்டு பையன்களும் ஒரு நாயும் ஊரையே அலைக்கழிக்கிறார்கள். கடைசியில் போலீஸ் அவர்களைப் பிடித்து வண்டியில் ஏற்றுகிறது. நாய் வண்டிக் கதவைத் திறந்துவிட, இருவரும் தப்பி ஓடுகிறார்கள். லூமியேர் படத்திலிருந்து 11 ஆண்டுகளுக்குள் இந்த முடிவு சாத்தியமாகிவிட்டது. துரத்தல் படத்தில் பார்வையாளரின் இன்பம் ஓட்டத்தில் இருக்கிறது. பிடிபட்டால் அந்த இன்பம் அற்றுப்போகும். எனவே பார்வையாளரின் மனம் ஓடுகிறவன் பக்கமே சாய்கிறது, அவன் செய்தது தவறென்று தெரிந்தாலும். ஒருவரையொருவர் பார்க்க முடியாத அளவுக்குத் தூரத்தில் இருந்த எத்தனையோ ஊர்களில் மக்கள் இந்தப் பையன்கள் தப்பவேண்டும் என்று விரும்பினார்கள். அந்த விருப்பத்தை அவர்களுக்குள் உண்டாக்கியது கதையின் நீதி அல்ல, ஷாட்டுகளின் வரிசைதான்.

துரத்தல் தண்டனையைத் தளர்த்தியது என்றால், தொடர் அதன் வேரையே அறுத்தது. 1907 வாக்கில் நிலையான திரையரங்குகள் பெருகி, நிகழ்ச்சிகள் அடிக்கடி மாறத் தொடங்கியதும், தெரிந்த முகம் திரும்பத் திரும்ப வருவதில் இருந்த வணிகத்தைப் பிரெஞ்சு நிறுவனங்கள் கண்டுகொண்டன. பாத்தே நிறுவனத்துக்கு மாக்ஸ் லிண்டர் இருந்ததைப்போல், கோமோன் நிறுவனத்துக்கு ஒரு குழந்தை கிடைத்தது. லூயி ஃபுயாட் 1910 முதல் 1913 வரை இயக்கிய பேபே தொடரில் கதாநாயகன் 1905-இல் பிறந்த க்ளெமான் மாரி. பின்னாளில் ரெனே தாரி என்ற பெயரில் நடிகராக நீடித்தவர். எழுபதுக்கும் மேற்பட்ட குறும்படங்கள் வந்தன. தொடரின் கணக்கு எளிது: அடுத்த படத்திலும் இவன் வர வேண்டும், வந்து மறுபடி சேட்டை செய்ய வேண்டும். அப்படியானால் தண்டனை அவனைத் திருத்தக்கூடாது. ஏதோ ஒரு படத்தில் அடி விழுந்தாலும் அது முடிவு ஆகாது. அடுத்த வாரம் அவன் அதே வாலோடு வருவான் என்று திரையரங்குக்கே தெரியும். மாக்ஸையும் மோரிட்ஸையும் வாத்துகளுக்குக் கொடுத்துவிடலாம், ஏனென்றால் புத்தகம் அங்கே முடிகிறது. பேபேயைக் கொடுக்க முடியாது.

தொடர் இன்னொன்றையும் செய்தது. வாரத்துக்கு வாரம் புதிய நிகழ்ச்சி தேவைப்பட்டதால், குழாயை மிதிப்பது போன்ற ஒற்றைச் சேட்டைகள் விரைவில் தீர்ந்துபோயின. அதற்குப் பதிலாகக் குழந்தை பெரியவர்களின் வேடங்களைப் போடத் தொடங்கியது. 1910-இலேயே பேபே, பாரிஸ் அன்று அஞ்சிய ‘அபாஷ்’ தெருமுரடர்களின் வேடத்தில் தோன்றுகிறான். இதற்கு அமெரிக்காவில் ஒரு முன்னோடி உண்டு: போர்ட்டர் தம்முடைய புகழ்பெற்ற ரயில் கொள்ளைப் படத்தையே 1905-இல் சிறுவர்களை வைத்துக் கேலிப்படமாக எடுத்தார், அதில் குட்டி ரயிலை மறிக்கும் குட்டிக் கொள்ளையர்கள் மிட்டாயையும் பொம்மையையும் பறிக்கிறார்கள். ஆனால் போர்ட்டருக்கு அது ஒருமுறை செய்த வேடிக்கை. ஃபுயாட்டுக்கோ அது வழக்கமாயிற்று. சேட்டை என்பது பெரியவருக்கு எதிராகச் செய்வது என்ற நிலையிலிருந்து, பெரியவரைப்போலச் செய்வது என்ற நிலைக்கு நகர்ந்தது. இந்த நகர்வை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். எதிராகச் செய்யப்படும் குறும்புக்குத் தண்டனை பொருந்தும். நம்மைப்போல நடந்துகாட்டும் குழந்தையை எந்தக் குற்றத்துக்காக அடிப்பது?

இதே காலத்தில் குழந்தைப் பருவம் குறித்த எண்ணங்கள் மாறிக்கொண்டிருந்தன என்பதையும், படங்கள் அவற்றைத்தான் எதிரொலித்தன என்பதையும் வலுவான மறுப்பாக முன்வைக்கலாம். ஸ்வீடனின் எலன் கெய், 1900-இல் வெளியிட்ட நூலில் இருபதாம் நூற்றாண்டைக் குழந்தையின் நூற்றாண்டு என்று அறிவித்து, அடித்து வளர்ப்பதைக் கடுமையாக எதிர்த்தார். அமெரிக்காவில் குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு வலுத்து 1916-இல் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. 1918-இல் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. இவை பார்வையாளரின் மனத்தைப் பக்குவப்படுத்தின என்பதை ஏற்கிறேன். ஆனால் கருத்து மாற்றமே காரணமாக இருந்திருந்தால், அது முதலில் அந்தக் குழந்தை நடிகர்களின் வாழ்க்கையில் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. 1918-இல் பிறந்த பேபி பெக்கி இரண்டு வயதிலேயே செஞ்சுரி நிறுவனத்தின் நகைச்சுவைக் குறும்படங்களில் நடிக்கத் தொடங்கி ஏறக்குறைய 150 படங்களில் நடித்தார். சம்பாதித்ததெல்லாம் பெரியவர்கள் கையில் கரைந்தது. 1921-இல் சாப்ளினுடன் ‘தி கிட்’ படத்தில் கண்ணாடிச் சன்னல்களைக் கல்லெறிந்து உடைத்த ஜாக்கி கூகனின் வருமானமும் அப்படியே போயிற்று. அவர் வழக்குத் தொடுத்த பிறகுதான் 1939-இல் கலிஃபோர்னியா குழந்தை நடிகர்களின் ஊதியத்தைக் காக்கச் சட்டம் இயற்றியது. திரையில் அடியிலிருந்து விடுபட்ட குழந்தை ஸ்டூடியோவில் பாதுகாப்பின்றி உழைத்தது. இந்த இடைவெளியைக் கருணையின் வளர்ச்சி என்ற விளக்கம் மூடி மறைத்துவிடுகிறது. அதனாலேயே அதை நான் ஏற்கத் தயங்குகிறேன்.

தொடருக்கு ஒரு தீராத இடர் இருந்தது: குழந்தை வளரும். பேபேயின் பெற்றோருக்கும் நிறுவனத்துக்கும் பிணக்கு மூண்டபோது, ஃபுயாட் 1912-லேயே அவன் படங்களில் தம்பியாக நுழைத்திருந்த ரெனே புவாயேனை நாயகனாக்கி பூ-த-ஸான் தொடரைத் தொடங்கினார். அந்தப் பையன் ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தான். ஒன்றில் யானையையே திருடிக்கொண்டு போகிறான். ஆனால் ஆளை மாற்றினாலும் ஒற்றை நாயகனின் ஆயுள் சில ஆண்டுகள்தான். இந்த இடருக்கு முழுத் தீர்வு கண்டவர் கலிஃபோர்னியாவின் கல்வர் சிட்டியில் ஸ்டூடியோ வைத்திருந்த ஹால் ரோச். அவர் ஏற்கெனவே எர்னி மாரிசன் என்ற கறுப்பினச் சிறுவனை 1919 முதல் ஒப்பந்தத்தில் வைத்திருந்தார். அவனை மட்டும் நாயகனாக்கி 1921-இல் எடுத்த முயற்சி ஒரே படத்தோடு நின்றது. 1922 செப்டம்பரில் ‘ஒன் டெரிபிள் டே’ படத்தோடு அவன் உட்படப் பல சிறுவர்களைச் சேர்த்து ‘அவர் கேங்’ தொடர் வெளிவரத் தொடங்கியது. 1944 வரை 220 குறும்படங்கள். கும்பலுக்கு முதுமை வராது. 1924-இல் மாரிசனும், 1926-இல் மிக்கி டேனியல்ஸும் மேரி கார்ன்மனும் விலகியபோது தொடர் தடுமாறவில்லை. ஒருவர் போனால் ஒருவர் வந்தார்.

வணிகத் தீர்வாக வந்த இந்தக் கும்பல் கலையில் பெரிய விளைவை உண்டாக்கியது. ஒரு குழந்தையும் ஒரு வீடும் என்றால் எதிரே இருப்பது தந்தையோ தோட்டக்காரரோதான். ஆறேழு குழந்தைகள் சேர்ந்தால் அவர்களுக்குள்ளேயே பகை, நட்பு, தலைமை, பங்கீடு எல்லாம் பிறந்துவிடுகின்றன. பெரியவர் ஓரத்துக்குப் போகிறார். ஒரு ரீல் படம் இரண்டு ரீலாக, அதாவது சுமார் இருபது நிமிடமாக வளர்ந்திருந்தது இதற்கு இடம் கொடுத்தது. பெரும்பாலான படங்களை இயக்கிய ராபர்ட் மக்கோவன் சிறுவர்கள் கையில் வசனத்தாள் கொடுக்கவில்லை. காட்சியை வாயால் சொல்லி, படமெடுக்கும்போதே ஒலிபெருக்கிக் குழலில் வழிநடத்தினார். ஒலி பதிவாகாத காலத்தில்தான் இது முடியும். அதனால் நடிப்பு விளையாட்டுக்கு மிக நெருங்கி நின்றது. 1922-இல் அவர்கள் கள்ளச்சாராயம் காய்ச்சும் கலத்தைத் தீயணைப்பு எந்திரமாக்குகிறார்கள். 1924-இல் சொந்தமாக ஒரு ரயிலே கட்டி ஓட்டுகிறார்கள். 1923-இல் வந்த ‘டாக்ஸ் ஆஃப் வார்’ படத்தில் ஸ்டூடியோவுக்குள் புகுந்து தாங்களே ஒரு படம் பிடிக்கிறார்கள். அதே ஃபிலிமில் பெரியவர்களின் படமும் பதிவாகி, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பித் திரையில் வருகிறது. பழைய கணக்கில் இதற்குக் கடுமையான அடி உண்டு. இங்கே நமக்குத் தரப்படுவது அந்தக் குழம்பிய படத்தின் அழகு. பெரியவர்களின் சோகக் காட்சி குழந்தைகளின் கைபட்டுச் சிரிப்பாக மாறுவதைப் பார்ப்பதே முடிவு.

இந்த உலகம் களங்கமற்றது என்று சொல்லிவிட முடியாது. பள்ளியிலும் பேருந்திலும் நிறப்பிரிவினை சட்டமாக இருந்த மாநிலங்கள் நிறைந்த நாட்டில், கறுப்புச் சிறுவரும் வெள்ளைச் சிறுவரும் ஒரே கும்பலாக, ஒரே சாக்கடையில் இறங்கி விளையாடியது சிறிய செயல் அல்ல. ஆயினும் அதே படங்கள் கறுப்பர்களைப் பற்றிய இழிவான கேலிகளைத் தாராளமாகப் பயன்படுத்தின. 1922 முதல் 1931 வரை நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் ஃபரினாவாக நடித்த ஆலன் ஹாஸ்கின்ஸுக்குப் பின்னல்சடையும் கந்தல் உடையும் மாட்டி, அன்றைய மேடைக் கேலியின் அச்சில் வார்த்தார்கள். பெரியவர்களை நகலெடுக்கும் குழந்தை, பெரியவர்களின் இழிவையும் நகலெடுக்கிறது. நான் மேலே சொன்ன வாதத்தை இது பலவீனப்படுத்தவில்லை. கும்பலின் விடுதலை அறநோக்கிலிருந்து பிறக்கவில்லை என்பதை இன்னும் தெளிவாக்குகிறது. ஆனால் அந்தப் படங்களில் நம்மைச் சிரிக்கவைக்கும் அசாத்தியத் திறமையுள்ள அந்தச் சிறுவனுக்குச் செய்யப்பட்டது அநீதி என்று சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை.

தண்டனை மறைந்ததோடு கதை நிற்கவில்லை. ஜப்பானில் அது தலைகீழானது. அங்கே கதைசொல்லிகளான பென்ஷிக்களின் செல்வாக்கால் மௌனப்படம் 1930-களின் நடுப்பகுதி வரை நீடித்தது. அமெரிக்கப் படங்களை ஆவலோடு பார்த்து வளர்ந்த யசுஜிரோ ஓசு, 1929-இல் ‘தொக்கான் கோசோ’ என்ற குறும்படம் எடுத்தார். வீட்டுத் திரையிடலுக்காகச் சிறிய ஃபிலிமில் விற்ற பிரதி வழியாக அதன் ஒரு பகுதி பிழைத்திருக்கிறது. ஓ. ஹென்றி 1907-இல் எழுதிய கதையின் சாயலில், ஒருவன் ஒரு பையனைக் கடத்துகிறான். பையனின் சேட்டை தாளாமல் எப்படியாவது திருப்பிக் கொடுத்துவிடப் படாதபாடு படுகிறான். கடத்தியவன்தான் இங்கே தண்டனை அனுபவிக்கிறான். அந்தப் பையனாக நடித்த தொமியோ அவோகி படத்தின் பெயரையே தன் மேடைப் பெயராக்கிக்கொண்டான். 1932-இல் ஓசு அவனை வைத்து ‘பிறந்தேன், ஆனால்...’ என்ற முழுநீள மௌனப்படம் எடுத்தார். ‘அவர் கேங்’ பாணியிலேயே அது தொடங்குகிறது: புதிய ஊர், சண்டைக்காரப் பையன்கள், தலைமைக்கான போட்டி. பிறகு மேலாளர் வீட்டில் திரையிடப்படும் வீட்டுப் படத்தில், தங்கள் தந்தை மேலாளரை மகிழ்விக்கக் கோமாளித்தனம் செய்வதை இரு சிறுவர்களும் பார்க்கிறார்கள். வீடு திரும்பியதும் தந்தையிடம் கேட்கிறார்கள், நீங்கள் ஏன் அவருக்குத் தலைவணங்க வேண்டும் என்று. அவர் ஒரு மகனை அடிக்கிறார்; அடித்துவிட்டு வருந்துகிறார். மறுநாள் காலை சிறுவர்கள் உண்ண மறுக்கிறார்கள். திரையில் அடி மீண்டும் வந்துவிட்டது, ஆனால் இம்முறை அது சேட்டைக்கு விழுந்ததல்ல. பதில் சொல்ல முடியாத கேள்விக்கு விழுந்தது.