உப்புப் பாலைவனத்தில் ஒரு மீட்டிங்

மீட்டிங் என்றாலே ஏசி ஹாலும் புரொஜெக்டரும்தானா? டெல்லியிலேயே நடந்துவந்த போலீஸ் டி.ஜி.பி.க்களின் ஆண்டு மாநாடு 2014-ல் குவாஹாட்டிக்குப் போனது. 2015 டிசம்பரில் போன இடம் தோர்டோ. குஜராத்தின் கட்ச் பகுதியில், பாகிஸ்தான் எல்லைப் பக்கம் இருக்கும் குக்கிராமம். பிரதமரும் வந்தார்.

மழைக்காலத்தில் அங்குள்ள ரண் நிலத்தில் தண்ணீர் நிற்கும். வற்றினால் கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை உப்புதான். 2001 ஜனவரி 26 பூகம்பம் கட்ச்சையே தரைமட்டமாக்கியது, 'புங்கா' என்னும் வட்ட மண்வீடுகள் (நம்ம பூங்கா இல்லை!) பல தப்பி நின்றன. அதற்குச் சில வருடம் கழித்துத்தான் ரண் உற்சவமும், குளிர்காலத்தில் மட்டும் முளைக்கும் கூடார நகரமும் வந்தன. வணிகக் கணக்கில் இது கெட்டிக்காரத்தனம். சீசன் முடிந்தால் பிரித்துவிடலாம், காலி அறைக்கு வருடம் முழுக்கத் தண்டச்செலவு இல்லை.

2023 பிப்ரவரியில் ஜி20 சுற்றுலாப் பணிக்குழுவின் முதல் கூட்டமும் இங்கேதான் நடந்தது.

தேர்வாய் கண்டிகையில் ஊர்மக்கள் போராடியும் மேய்ச்சல் நிலத்தில் சிப்காட் வந்துவிட்டது, டயர் தொழிற்சாலையைப் பிரித்து எடுக்க முடியாது. தோர்டோவைச் சுற்றியுள்ள பன்னி புல்வெளியிலோ மால்தாரிகளின் எருமைகள் இன்றும் மேய்கின்றன.